சேகரப் பிரசங்கியார் ஒருவரின் வாழ்க்கையை எழுதப் புகுமுன்

திருகோணமலையில் மெதடிஸ்தத் திருச்சபையோடு இரண்டு மூன்று தலைமுறைத் தொடர்புள்ள வீடுகள் பலவற்றில், வெள்ளைக் கோட்டும் கையில் வேதப்புத்தகமுமாகப் பிரசங்கியார் ஒருவர் சுவரில் நிழற்படமாகத் தொங்குவார். அவரைப் பற்றிக் கேட்டால், அவருடைய நூற்றாண்டுக்கோ இறுதிச் சடங்குக்கோ அச்சிட்ட நினைவு மலர் ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள். அதில் அவர் அன்பே உருவானவர், அயராத ஊழியர், ஏழைகளின் தோழர் என்று எழுதியிருக்கும். அந்தப் பக்கத்தில் பெயரை மட்டும் மாற்றினால் வேறெந்தப் பிரசங்கியாருக்கும் அது அப்படியே பொருந்தும். என் அம்மப்பாவைப் பற்றி 1990களில் நான் எழுதிய முதற் பிரதியும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். அதைக் கிழித்தெறிந்துவிட்டு மறுபடியும் தொடங்கியபோது கற்றுக்கொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன்.

சேகரம் என்பது ஒரே முகாமையின் கீழுள்ள பல ஊர்ச் சபைகளின் தொகுதி. சேகரப் பிரசங்கியாரின் வாழ்க்கை ஞாயிற்றுக்கிழமைகளால் ஆனது என்பதை முதலில் மனத்திற் கொள்ளுங்கள். எந்த ஞாயிறு எந்த ஊரில் நின்றார், அங்கே எவ்வழியாகப் போனார், எப்போது வீடு திரும்பினார் என்பவற்றைக் கண்டுபிடித்துவிட்டால், குணநலன்களை நீங்கள் தனியாகச் சொல்ல வேண்டியிராது.

அவர் எந்த வகைப் பிரசங்கியார்?

குடும்பங்களில் எல்லாரையும் ‘போதகர்’ என்றே சொல்லிவிடுவார்கள். ஆனால் திருச்சபையின் ஒழுங்கில் முழுநேரக் குருவானவர் வேறு, சம்பளம் பெற்ற உபதேசியார் வேறு, தன் தொழிலைச் செய்துகொண்டே ஞாயிறுகளில் பிரசங்கித்த உள்ளூர்ப் பிரசங்கியார் வேறு. இவற்றைப் பிரித்தறியாமல் தேடத் தொடங்கினால் தவறான பெட்டியைத் திறந்துகொண்டிருப்பீர்கள்.

இந்தப் பிரிவு எங்கிருந்து வந்தது என்பதை அறிந்துகொள்வது பயன்தரும். 1739இல் பிரிஸ்டலில் திறந்தவெளியிற் பிரசங்கிக்கத் தொடங்கிய, மெதடிஸ்த இயக்கத்தின் தந்தையான ஜோன் வெஸ்லி, ஒரு போதகர் ஒரே ஊரில் நெடுநாள் தங்கிவிடுவதை விரும்பவில்லை. 1744இல் லண்டனில் பிரசங்கிமாரின் முதற் பேரவையைக் கூட்டிய அவர், அடுத்த சில ஆண்டுகளில் ஊர்களைச் சேகரங்களாக வகுத்து, பயணப் பிரசங்கிகளை அவற்றுக்குள் சுற்றிவரச் செய்தார். 1771இல் அமெரிக்கா சென்ற பிரான்சிஸ் ஆஸ்பரி அதே முறையைக் காட்டு வழிகளுக்குக் கொண்டுபோனார். குதிரையும் சேணப்பையும் பிரசங்கியாரின் அடையாளமாயின. ஆனால் பயணப் பிரசங்கியார் ஓரிடத்தில் நிற்கும் ஞாயிறன்று மற்ற இடங்களிலெல்லாம் யாராவது பிரசங்கிக்க வேண்டுமே! அந்த இடைவெளியைச் செருப்புத் தைப்பவர்களும் நெசவாளரும் பள்ளியாசிரியரும் நிரப்பினார்கள். உள்ளூர்ப் பிரசங்கியார் என்ற அமைப்பு அப்படித்தான் நிலைபெற்றது.

இலங்கைக்கு அந்த முறை 1814இல் கப்பலேறி வந்தது. மிஷனரிமாரை அழைத்துவந்த, வெஸ்லியின் உடனூழியரான தோமஸ் கோக் அவ்வாண்டு மே 3ஆம் திகதி இந்து சமுத்திரத்தில் கப்பலிலேயே இறந்துபோனார். எஞ்சியவர்களிற் பெரும்பாலோர் ஜூன் 29ஆம் திகதி காலிக்கு வந்துசேர்ந்து, அங்கேயே கூடித் தமக்குள் இடங்களைப் பிரித்துக்கொண்டார்கள். லிஞ்சும் ஸ்குவான்சும் யாழ்ப்பாணத்துக்கும், வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கும் போனார்கள். ஓல்ட் 1815 ஏப்ரல் 1ஆம் திகதி மட்டக்களப்பில் காலமானார். அவர் அங்கே ஓராண்டுகூட வாழவில்லை. 

உங்கள் மூதாதையர் குருவானவராயின், அவருடைய நியமனங்கள் பேரவை அறிக்கைகளில் ஆண்டுதோறும் பதிவாகியிருக்கும். இலங்கை மெதடிஸ்தத் திருச்சபை தன்னாட்சி பெற்ற 1964க்கு முந்திய காலமென்றால், லண்டனிலுள்ள மிஷன் ஆவணங்களையும் பார்க்க வேண்டும். அவை இன்று அங்குள்ள ஸோயாஸ் என்னும் கல்லூரியின் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அங்கே தேடுவோர் ‘திருகோணமலை’ என்ற தலைப்பை மட்டும் தேடிவிட்டு ஒன்றுமில்லை என்று திரும்பிவிடக் கூடாது. தமிழ்ப் பகுதி முழுவதும் வட இலங்கை மாவட்டமாக நிருவகிக்கப்பட்டபடியால், நமது ஊரைப் பற்றிய செய்தி யாழ்ப்பாணத்திலிருந்து எழுதப்பட்ட கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் இரண்டு வரியாகக் கிடக்கக்கூடும்.

அவர் உள்ளூர்ப் பிரசங்கியார் என்றால் லண்டனில் உங்களுக்குப் பெரிதாக எதுவும் கிடைக்காது. என் அம்மப்பா அந்த இனம். கிழமை நாட்களில் கடற்படைத் தளத்தில், ஊரார் சொல்வதுபோல ‘டொக்யாட்டில்’, எழுதுவினைஞராக இருந்தார். ஞாயிறுகளில் சைக்கிளேறினார். இப்படிப்பட்டவருக்கு உள்ள ஒரே முறையான ஆவணம் சேகரத்தின் காலாண்டு ஊழிய அட்டவணைதான்.

பிளான்

அந்த அட்டவணையை எல்லாரும் ‘பிளான்’ என்றே சொல்வார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். ஒரு பெரிய தாளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை முகாமைக்குரு, அதாவது சேகரத்துக்குப் பொறுப்பான குருவானவர், தயாரிப்பார். இடப்பக்கத்தில் மேலிருந்து கீழாகச் சேகரத்தின் ஆலயங்களும் கூட்டம் நடக்கும் இடங்களும் இருக்கும். மேலே இடமிருந்து வலமாகப் பதின்மூன்று ஞாயிறுகளின் திகதிகள் இருக்கும். கட்டங்களுக்குள் பெயர் இராது. எண் மட்டுமே இருக்கும். தாளின் ஓரத்திலோ அடியிலோ பிரசங்கிமாரின் பெயர்ப்பட்டியல் எண்வரிசையில் இருக்கும். முதலில் குருமார், பிறகு சேவைமூப்பின்படி உள்ளூர்ப் பிரசங்கிமார், கடைசியில் இன்னும் பரீட்சையிலிருப்பவர்கள். ஆகவே ஒருவரின் எண் ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே வருவது, அவருக்கு முன்னிருந்தவர்கள் இறந்தோ இடம்மாறியோ போகிறார்கள் என்பதற்கு அடையாளம். அம்மப்பா 14ஆகத் தொடங்கி 5இல் நின்றார்.

கையில் ஒரே ஒரு பிளான் கிடைத்தாலும் இதைச் செய்யுங்கள். அவருடைய எண் வரும் கட்டங்களை மட்டும் வேறு தாளில் திகதி, இடம், காலையா மாலையா, திருவிருந்து உண்டா என்று நான்கு நிரல்களாக எழுதுங்கள். திருவிருந்துக் குறி உள்ள ஞாயிற்றில் உள்ளூர்ப் பிரசங்கியாரின் எண் வராது, ஏனெனில் அதை நடத்தும் உரிமை பொதுவாகக் குருவானவருக்கே உண்டு. இது சின்ன விடயம் போலத் தோன்றினாலும், ‘தாத்தாதான் எங்களுக்கு இராப்போசனம் தந்தவர்’ என்று யாராவது சொல்லும்போது கைகொடுக்கும்.

அடுத்து, ஒவ்வோர் இடத்துக்கும் தூரத்தையும் வழியையும் எழுதுங்கள். இங்கேதான் திருகோணமலையைத் தெரிந்தவர் எழுதுவதற்கும் தெரியாதவர் எழுதுவதற்குமான வேறுபாடு இருக்கிறது. நிலாவெளி நகரிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீற்றர். வரைபடத்தில் அது நேரான கடற்கரை வீதி; ஆனால் கச்சான் அடிக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் பக்கவாட்டிலிருந்து வீசும் அனல்காற்றுக்குள் சைக்கிள் மிதிப்பதும், மார்கழி வாடையில் நனைந்துகொண்டு மிதிப்பதும் ஒரே 15 கிலோமீற்றர் ஆகிவிடா. கிண்ணியாவுக்கு இன்று பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் பாலத்தைக் கடந்ததுகூடத் தெரியாமற் போய்விடலாம். 2009 ஒக்டோபரில் அந்தப் பாலம் திறக்கப்படும்வரை துறையில் காத்திருந்து ‘பாதை’யில்தான் கடந்தோம். இளையவர்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்கிறது: எங்கள் பக்கத்தில் பாதை என்றால் நடைவழி மட்டுமன்று, வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றி ஆற்றைக் கடக்கும் தட்டையான மிதவையும் பாதைதான். அதற்கப்பால் மூதூர்வரை இன்னும் சில துறைகள் இருந்தன. ஆகையால் மூதூர்ப் பக்கம் வீட்டுக் கூட்டத்துக்குப் போவோர் தரைவழியை விட்டு, கொட்டியாரக் குடாவைக் குறுக்கே கடக்கும் லோஞ்சையே நம்பினர். காற்று எழும்பினால் லோஞ்ச் ஓடாது. பிரசங்கியார் அன்றிரவு மூதூரிலேயே. அவரை யார் வீட்டில் படுக்கவைத்தார்கள் என்பது எழுதத்தக்க கேள்வி. அம்மப்பாவைப் பொறுத்தவரை அது ஒரு முஸ்லிம் வியாபாரியின் கடைத் திண்ணை. அவர் கொடுத்த தேநீரையும், விடியற்காலையில் தொழுகை அழைப்போடு விழித்து அதே நேரத்தில் தாமும் முழங்காலில் நின்றதையும் அம்மப்பா பல முறை சொல்லியிருக்கிறார்.

இவற்றையெல்லாம் சேர்த்தபின் ஒரு காலாண்டைக் கூட்டிப் பாருங்கள். என் கையிலிருந்த பிளான் ஒன்றில் பதின்மூன்று ஞாயிறுகளில் அம்மப்பாவின் எண் ஒன்பது முறை வந்தது. அவற்றில் ஐந்து நகருக்கு வெளியே. திங்கட்கிழமை காலை மறுபடியும் டொக்யாட்டில் கையொப்பம் வைக்க வேண்டியவர் அவர். ‘அயராத ஊழியர்’ என்று எழுதுவதற்குப் பதிலாக இந்த ஒன்பதையும் ஐந்தையும் எழுதினேன். அயர்ந்திருப்பார் என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கதையைத் திகதியோடு உரசிப் பார்த்தல்

எங்கள் குடும்பத்தின் மிகப் பெரிய கதை குண்டுவீச்சுக் கதை. ஈஸ்டர் ஞாயிறன்று அம்மப்பா பிரசங்கபீடத்தில் நின்றுகொண்டிருக்கையில் யப்பான்காரன் குண்டு போட்டதாகவும், சபையார் பெஞ்சுகளுக்குக் கீழே படுத்துக்கொள்ள அவர் மட்டும் நின்றபடியே ஜெபத்தை முடித்ததாகவும் பெரியம்மா சொல்வார். அப்போது அவருக்கு ஏழு வயது. நானும் அதை முதற் பிரதியில் அழகாக எழுதியிருந்தேன்.

பிறகு உரசிப் பார்த்தேன். 1942இல் ஈஸ்டர் ஏப்ரல் 5ஆம் திகதி வந்தது. அன்று குண்டு விழுந்தது கொழும்பில். திருகோணமலை தாக்கப்பட்டது ஏப்ரல் 9ஆம் திகதி காலையில், அது வியாழக்கிழமை. வியாழன் காலையில் உள்ளூர்ப் பிரசங்கியார் எவரும் பிரசங்கபீடத்தில் நின்றிருக்க மாட்டார். அம்மப்பா வேலைத்தலத்தில், அதாவது குண்டுகள் குறிவைத்த துறைமுகப் பகுதியிலேயே இருந்திருக்க வேண்டும். இன்னும் தோண்டினால், அந்தக் காலாண்டின் பிளானில் ஈஸ்டர் காலைக்கு நகர ஆலயத்தில் அவருடைய எண்ணே இல்லை. ஏப்ரல் 12ஆம் திகதிக்குரிய நிரலில் மட்டும், மேலிருந்து கீழ்வரை ஒரு பென்சில் கோடும் அதன் அடியில் அவர் கையெழுத்தில் ‘கூட்டம் இல்லை. சனம் இல்லை.’ என்ற நான்கு சொற்களும் இருந்தன. தாக்குதலுக்குப் பின் ஊர்மக்கள் நகரை விட்டு வெளியேறியிருந்தார்கள்.

பெஞ்சுக்கடியில் படுத்த சபையைவிட அந்தப் பென்சில் கோடு எனக்குப் பெரிதாகப்பட்டது. பெரியம்மாவிடம் காலண்டரைக் காட்டினேன். “வியாழனெண்டால் வியாழனாய் இருக்கட்டும் தம்பி. ஆனால் அவர் பின்னேரம் வீட்டுக்கு வரேக்க சட்டையெல்லாம் கரி. அதை நான் கண்டனான்” என்றார். எண்ணெய்த் தாங்கி எரிந்த நாள் அது. கரி உண்மையாகத்தான் இருக்கும். ஏழு வயதுக் குழந்தை இரண்டு செய்திகளை ஒன்றாக்கிக்கொண்டது, அவ்வளவுதான். ஆகவே முதியோரின் நினைவைத் திருத்துங்கள், தள்ளிவிடாதீர்கள். திகதி பிழைத்தாலும் சட்டையின் நிறம் பிழைப்பதில்லை. புத்தகத்தில் நான் இரண்டையும் எழுதியதோடு, கதை எப்படி ஈஸ்டருக்கு நகர்ந்திருக்கும் என்பதையும் எழுதினேன்.

இந்த ஊரில் இப்படி உரசிப் பார்க்க உதவும் திகதிகள் பல உள்ளன. 1957இல் கடற்படைத் தளம் பிரித்தானியரிடமிருந்து இலங்கைக்குக் கைமாறியபோது டொக்யாட்டை நம்பியிருந்த குடும்பங்கள் பல வேலையிழந்தன. அதற்குப் பின் சபைக் கணக்கில் காணிக்கை குறைந்திருந்தால் காரணம் விசுவாசக் குறைவு அன்று. 1960, 61இல் மிஷன் பாடசாலைகள் அரசிடம் சென்றன. பாடசாலையையே கூட்ட மண்டபமாகக் கொண்டிருந்த இடங்கள் பிளானிலிருந்து மறைவதற்கு அது காரணமாயிருக்கலாம். 1964 டிசம்பர் 22ஆம் திகதி, செவ்வாய் இரவுச் சூறாவளி கிறிஸ்மசுக்கு மூன்றே நாட்களுக்கு முன் வந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி, கடல் ஏறிவந்த காலை, ஞாயிற்றுக்கிழமை. ஒருவரின் கதையில் இவற்றில் ஏதேனும் வந்தால் முதலிற் கிழமையைக் கணக்கிடுங்கள்.

பதிவேடுகளைக் கையாளுதல்

ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவேடுகளைப் பார்க்க முகாமைக்குருவிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். எந்த ஆண்டுகள் வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேட்டால் மறுப்பது குறைவு. ‘எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்’ என்றால் யாருக்கும் தயக்கம் வரும். நடத்தியவரின் கையொப்பத்தைக் கவனியுங்கள். உபதேசியார் வீட்டில் ஜெபித்துத் தயார்செய்த குடும்பத்துக்கு, மூன்று மாதம் கழித்துக் குருவானவர் வந்து ஞானஸ்நானம் கொடுத்திருப்பார். பதிவேட்டில் குருவானவரின் பெயர் மட்டுமே நிற்கும்.

பழைய கையெழுத்து புதியவர்களை மிரட்டும். புள்ளிகளைப் பலர் இடமாட்டார்கள். ‘லை’, ‘னை’, ‘றா’, ‘ணா’ பழைய வடிவில் இருக்கும். ஆண்டு, மாதம், நாள் என்பவற்றுக்கு ௵, ௴, ௳ என்ற சுருக்கக் குறிகள் வரும். ஒரே கையெழுத்தில் உங்களுக்கு முன்பே தெரிந்த பெயர் ஒன்றை, உதாரணமாக ஆலயத்தின் பெயரை, முதலிற் கண்டுபிடித்து, அதிலுள்ள எழுத்துகளைத் தனித்தாளில் வரைந்து வைத்துக்கொண்டு மற்றச் சொற்களுக்குப் போங்கள். ஒரு மணி நேரத்தில் கண் பழகிவிடும்.

கடற்காற்றிலுள்ள உப்பும் ஈரமும் இவ்வூர்த் தாள்களை நொறுங்கச் செய்துவிடுகின்றன. மிச்சத்தைக் கறையானும் இராமபாணப் பூச்சியும் பார்த்துக்கொள்கின்றன. ஒட்டிக்கொண்ட பக்கங்களை நகத்தால் பிரிக்காதீர்கள். பகல் வெளிச்சத்தில், வெயில் நேரே படாமல், கைப்பேசியால் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, கோப்புக்கு ஆண்டை முன்வைத்துப் பெயரிடுங்கள்: 1942-04 என்பதுபோல. அதே நாளில் இன்னோரிடத்திலும் பிரதி வையுங்கள். நான் இதை எவ்வளவு தாமதமாகக் கற்றேன் என்றால், அம்மப்பாவின் பிரசங்கக் குறிப்பேடுகள் மூன்றில் ஒன்றை, ஒளிப்பிரதி எடுத்துவிட்டு ஒரு கிழமையில் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். அவர் வீடு மாறினார், பிறகு நாடு மாறினார். குறிப்பேடு எங்கே போனது என்று அவருக்கே இப்போது தெரியாது. மூலத்தைக் கடன் கொடுக்காதீர்கள். கேட்பவரை வீட்டுக்கு அழைத்து, தேநீர் கொடுத்து, மேசையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்கும் விதம்

“தாத்தா எப்படிப்பட்டவர்?” என்று கேட்டால் நினைவு மலரின் வாசகங்களே திரும்பி வரும். கேள்வி சிறிதாக இருக்க வேண்டும். ஞாயிறு எத்தனை மணிக்கு வெளிக்கிட்டார்? சாப்பிட்டுவிட்டா, சாப்பிடாமலா? கோட்டை அணிந்துகொண்டு மிதித்தாரா, மடித்துக் கரியரில் கட்டிக்கொண்டு போனாரா? போன இடத்தில் யார் வீட்டில் மத்தியானச் சோறு? சைக்கிள் காற்றுப் போனால்? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பெரியம்மா அரை மணி நேரம் பதில் சொன்னார். பம்பும் ஒட்டுத்துண்டும் வேதப்புத்தகத்தோடு ஒரே பையில் போகும்; லேவியராகமத்தின் ஒரு பக்கத்தில் இன்றைக்கும் ரப்பர் பசை ஒட்டியிருக்கிறது. நான் தேடிப் பார்த்தேன், உண்மைதான்.

வீட்டிலிருந்தவர்களையும் கேளுங்கள். பிரசங்கியாரின் மனைவி ஞாயிறுகளை எப்படிக் கழித்தார் என்று அநேகமாக எவரும் எழுதுவதில்லை. குருவானவராயின் சில ஆண்டுகளுக்கொருமுறை பருத்தித்துறை, மட்டக்களப்பு, கல்முனை, திருகோணமலை என்று மிஷன் வீடு மாறிக்கொண்டேயிருக்கும். பிள்ளைகளின் பாடசாலைச் சான்றிதழ்களை வரிசையாக அடுக்கினாலே தந்தையின் நியமனங்கள் தெரிந்துவிடும். பேரவை அறிக்கை கிடைக்காதவர்களுக்கு இது நல்ல குறுக்குவழி. உள்ளூர்ப் பிரசங்கியாரின் வீட்டில் இடமாற்றம் இல்லை, ஆனால் ஞாயிறுகளில் தகப்பனும் இல்லை. என் அம்மா தன் தகப்பனின் பிரசங்கத்தை முழுமையாகக் கேட்டது மொத்தமாக ஏழெட்டு முறைதானாம். மற்ற நாட்களில் அவர் வேறெங்கோ பிரசங்கித்துக்கொண்டிருந்தார். இதை எழுதினால் அவரைக் குறைத்ததாகும் என்று உறவினர் ஒருவர் வருத்தப்பட்டார். நான் எழுதினேன்.

பணத்தையும் தவிர்க்காதீர்கள். 1742இல் பிரிஸ்டல் சபையின் கடனைத் தீர்க்க வாரம் ஒரு பென்னி சேர்க்கப் போய்த்தான், சபையார் சிறு குழுக்களாகக் கூடும் மெதடிஸ்த வகுப்புக் கூட்டமே பிறந்தது என்பதை நினைத்தால், பணத்தைப் பற்றிப் பேசுவது இந்தச் சபைக்கு அந்நியமன்று. பிடியரிசிப் பானை எந்த வீடுகளில் இருந்தது, அறுப்பின் பண்டிகை ஏலத்தில் பூசணிக்காயும் சேவலும் என்ன விலைக்குப் போயின என்பன சபையின் பணத்தைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளரின் கணக்குப் புத்தகத்தில் இருக்கும். மதம் மாறியவர்களைப் பற்றி எழுதும்போது மட்டும் கவனம் வேண்டும். கல்வி, வேலை, திருமணம், உள்ளத்தின் தேடல் என்று காரணங்கள் பலவாக இருந்திருக்கும். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எந்தக் கோயிலுக்குப் போகிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியாது. அவர்கள் அனுமதித்தாலன்றிப் பெயரை அச்சிடாதீர்கள்.

பிரசங்கக் குறிப்பேடு

குறிப்பேடு கிடைத்தவர் பாக்கியசாலி. ஆனால் எல்லாப் பிரசங்கங்களையும் அச்சிடும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். சேகரத்தில் பிரசங்கிப்பவர் ஒரே பிரசங்கத்தைப் பல ஊர்களிற் செய்வார். அது சோம்பல் அன்று, பிளானின் இயல்பு. தலைப்பில் வசனமும், அதன் கீழே இடமும் திகதியும் வரிசையாக இருக்கும். இடத்துக்கிடம் ஓரத்தில் என்ன மாற்றினார் என்று பாருங்கள். மனிதர் அங்கேதான் இருக்கிறார்.

அம்மப்பாவிடம் ‘பூமிக்கு உப்பு’ என்ற வசனத்தின்மேல் நான்கு பக்கப் பிரசங்கம் ஒன்று இருந்தது. உப்பு எப்படி விளைகிறது, எப்படிச் சாரமிழக்கிறது என்றெல்லாம் நீண்ட விளக்கம். நகரில் இரண்டு முறையும் தம்பலகாமத்தில் ஒரு முறையும் செய்திருக்கிறார். நான்காவது இடமாக நிலாவெளி என்று எழுதி, அடித்து, பக்கத்தில் பென்சிலால் இப்படிக் குறித்திருந்தார்: ‘வேண்டாம். உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். உப்பைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரியும்.’ அன்று அவர் என்ன பிரசங்கித்தார் என்பதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. புத்தகத்தில் முழுதாக அச்சிட்ட ஒரே பிரசங்கம் இதுதான், அந்தக் குறிப்போடு சேர்த்து.

எழுதி முடித்தல்

பிறப்பிலிருந்து தொடங்கத் தேவையில்லை. ஏதாவதொரு பிளானின் ஒரு ஞாயிறை எடுத்துக்கொண்டு, விடியலில் சைக்கிளுக்குக் காற்றடிப்பதிலிருந்து இரவு வீடு திரும்புவதுவரை முதல் அத்தியாயமாக எழுதுங்கள். பிறப்பு, கல்வி, திருமணம் ஆகியவற்றை இரண்டாம் அத்தியாயத்திற் சுருக்கமாகச் சொல்லலாம். ஆண்டின் சுற்றைக் காட்டுவதற்கு டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையும், புத்தாண்டில் வரும் உடன்படிக்கை ஆராதனையும் உதவும். பின்னதை வெஸ்லி 1755இல் தொடங்கிவைத்தார், ஆண்டுதோறும் தன்னை மறுபடி ஒப்புக்கொடுக்கும் அந்த ஜெபத்தைச் சொல்லிவிட்டுத்தான் பிரசங்கிமார் புதிய பிளானின் முதல் ஞாயிறுகளுக்குப் புறப்பட்டார்கள். நீங்கள் அனுமானித்தவற்றை ‘இருந்திருக்கலாம்’ என்று எழுதுங்கள். தாளில் கண்டவற்றை மட்டும் ‘இருந்தது’ என்று எழுதுங்கள். இந்த ஒரு கட்டுப்பாட்டைக் காப்பாற்றுவது எழுத்து வேலை முழுவதிலும் கடினமானது.

அச்சிட்ட பிரதிகளில் ஒன்றைச் சேகர அலுவலகத்துக்கும், ஒன்றை ஊர்ப் பொது நூலகத்துக்கும் கொடுங்கள். மின்பிரதியை ‘நூலகம்’ இணைய ஆவணகத்துக்கு அனுப்பிவையுங்கள். புத்தகத்தின் கடைசியில் நான்கு வெற்றுப் பக்கங்களை விடும்படி அச்சகத்தாரிடம் சொல்லுங்கள். வெளியீட்டு நாளன்றே யாராவது ஒருவர் உங்களிடம் வந்து, அவர் நிலாவெளிக்குச் சைக்கிளில் போகவில்லை, தன் தகப்பனின் மாட்டுவண்டியில்தான் போனார் என்பார். எந்த ஆண்டு, எந்த மாதம் என்று கேட்டு, அவர் முன்னிலையிலேயே அதை அந்தப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.